பீரில் தேன்: எவ்வளவு, எப்போது

மால்ட் எனப்படும், முளைகட்டி உலர்த்திய பார்லியின் சர்க்கரையோடு தேனின் சர்க்கரையையும் சேர்த்து நொதிக்கவைத்தால் கிடைப்பது தேன் பீர். தானியமே இல்லாமல், தேனை நீரில் கரைத்து நொதிக்கவைத்தால் அது மீட் என்னும் தேன்மது. இரண்டுக்கும் நடுவில் பிராகட் என்றொரு பழைய வகை உண்டு. அதில் மால்ட்டும் தேனும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கும். வீட்டில் பீர் தயாரிப்போர் பெரும்பாலும் கைவைப்பது முதல் வகையில்தான். பழகிய ஒரு பீரில் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ தேன் ஊற்றினால் இனிப்பும் மணமுமாக ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவதோ பல வேளைகளில் தேன் சேர்க்காத பீரைவிட வறண்டதாக, மெலிந்ததாக, போதை சற்றுக் கூடியதாக இருக்கும். தேன் எங்கே போயிற்று என்று தேடவேண்டும். தேனை எவ்வளவு இடுவது, எந்தக் கட்டத்தில் இடுவது, சூடாக்குவதா கூடாதா என்று வீட்டுத் தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் வாதங்கள் எல்லாம் இந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்தவை.

காரணம் தேனின் சேர்மானத்தில் இருக்கிறது. சராசரித் தேனில் நீர் 17 சதவீதம், ஃபிரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம். மால்டோஸும் அதையொத்த இரட்டைச் சர்க்கரைகளும் 7 சதவீதம் அளவில் இருக்கும். சுக்ரோஸ் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. இவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். மால்ட் சாறு அப்படியல்ல. அதில் டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் உண்டு. அவற்றை ஈஸ்ட் தொடாது. பீர் வாயில் கனமாக, சற்று இனிப்பாகப் படுவது அவற்றால்தான். ஆக, மால்ட்டுக்குப் பதிலாகத் தேனை இடும்போதெல்லாம் மிஞ்சக்கூடிய சர்க்கரையை எடுத்துவிட்டு மிஞ்சாத சர்க்கரையை வைப்பதாகிறது. இனிப்புக்காகத் தேன் சேர்ப்பவர் இனிப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

கணக்காகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 20 லிட்டர் பீருக்கு மூன்றரைக் கிலோ வெளிர் மால்ட்டும் 700 கிராம் தேனும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பாத்திரங்களில் வழக்கமாகக் கிடைக்கும் திறனில் மால்ட் தரும் ஒப்படர்த்தி 38 புள்ளி, அதாவது 1.038, அளவில் இருக்கும். ஒரு கிலோ தேனை 10 லிட்டராகக் கரைத்தால் 1.029 வரும், அந்த விகிதத்தில் 700 கிராம் தேன் 10 புள்ளி சேர்க்கும். தொடக்க ஒப்படர்த்தி 1.048. மால்ட்டின் பங்கில் நான்கில் ஒன்று மிஞ்சும், தேனின் பங்கில் எதுவும் மிஞ்சாது என்று வைத்தால் முடிவில் 1.009 சுற்றி நிற்கும்; ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதே 1.048 முழுக்க மால்ட்டிலிருந்து வந்திருந்தால் முடிவு 1.012, ஆல்கஹால் 4.7 சதவீதம். மூன்று புள்ளி வேறுபாடு ஏட்டில் சிறியது. நாக்கில் அது ஒரு பீரை இன்னொரு பீராக்கும்.

சர்க்கரை போனாலும் மணம் நிற்குமே என்று கேட்கலாம். தேனின் மணம் மலரிலிருந்து வரும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது, அதுவும் மிகச் சிறு அளவில். கொதியில் அவை நீராவியோடு போய்விடும். கொதியில் தப்பியவற்றில் ஒரு பகுதியை, நொதிக்கும்போது நாள்கணக்கில் குமிழியிட்டு வெளியேறும் கரியமில வாயு அடித்துக்கொண்டு போகும். இந்த இரண்டு வாசல்களில் எதை எவ்வளவு அடைக்க முடியும் என்பதே தேன் பீரின் செய்முறை. அதற்குள் போகுமுன் இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

தேனையும் தானியத்தையும் கலந்து நொதிக்கவைப்பது புதுமோகமல்ல. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் அரிசி, தேன், பழம் மூன்றும் சேர்ந்த பானத்தின் எச்சம் இருந்ததை பேட்ரிக் மெக்கவர்ன் குழுவினர் 2004-இல் வெளியிட்டார்கள். டென்மார்க்கில் 1921-இல் தோண்டியெடுக்கப்பட்ட எக்ட்வெட் பெண்ணின் ஓக் மரச் சவப்பெட்டியில், காலடியில் ஒரு பிர்ச் மரப்பட்டை வாளி இருந்தது. அதில் எஞ்சியிருந்தது கோதுமை, தேன், காட்டுப் பழம், மணப்பூண்டு ஆகியவற்றால் ஆன பானம்; காலம் கி.மு. 1370 அளவு. துருக்கியின் கோர்டியோனில் 1957-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் திறந்த, மைடாஸ் பெயரால் அழைக்கப்படும் கல்லறையின் வெண்கலப் பாத்திரங்கள் இன்னும் விரிவாகப் பேசின. தேன்மெழுகின் சேர்மங்கள் தேனையும், டார்டாரிக் அமிலம் திராட்சையையும், கால்சியம் ஆக்சலேட் படிவு பார்லி பீரையும் காட்டிக்கொடுத்தன. மூன்றும் ஒரே கலத்தில் கலந்திருந்தன. அந்த ஆய்வைப் பின்பற்றி அமெரிக்காவின் டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனம் குங்குமப்பூவும் சேர்த்து ‘மைடாஸ் டச்’ என்ற பீரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குங்குமப்பூ அந்தக் கல்லறையில் கிடைத்த பொருளல்ல. கசப்புக்கு ஏதோ ஒன்று இருந்திருக்கவேண்டும் என்ற ஊகம்தான் அதைச் சேர்த்தது.

தமிழ் நிலத்தில் தேனும் தானியமும் தனித்தனி வழியில் போயின. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைவித்த தேன் கள்ளைச் சொல்கிறது. அது மீட்டின் இனம். பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே ஆக்கிய நெற்கள் வருகிறது, அரிசிக் களியை ஆற்றி நாள்கணக்கில் சாடியில் விளையவிடும் முறையும் வருகிறது. அது பீரின் இனம். வெப்ப நாட்டில் பனையும் தென்னையும் நாள்தோறும் தாமே நொதிக்கும் சாற்றைத் தரும்போது இரண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டிய தேவை பெரிதாக எழுந்திருக்காது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. திராட்சை விளையாத வடக்கில் அடர்ந்த சர்க்கரை என்றால் தேன் ஒன்றுதான். வேல்ஸ் நாட்டின் பிராகட் இங்கிலாந்து வரை பெயர்பெற்றது; சாஸர் தம் கேன்டர்பரி கதைகளில் அதைக் குறிப்பிடும் அளவுக்கு அது எல்லாரும் அறிந்த பானம். கெனல்ம் டிக்பியின் குறிப்புகளிலிருந்து 1669-இல் அச்சான சமையல் நூலில் சர் தாமஸ் கோவர் செய்த தேன் ஏல் இடம்பெற்றிருக்கிறது: 40 கேலன் இலேசான ஏலுக்கு 5 கேலன் தேன். இன்றைய அளவில் கணக்கிட்டால் தேனிலிருந்து மட்டுமே 6 சதவீத ஆல்கஹால் வரும். ஏலின் பங்கு அதற்கு மேல். அக்கால வீடுகளில் தேன் ஒரு நறுமணப் பொருளாக அல்ல, சரக்கின் வீரியத்துக்காகவே போயிற்று என்பதை இந்த அளவே சொல்கிறது. பிறகு தேனின் இடம் சுருங்கியது. கரும்புச் சர்க்கரை மலிந்ததும் வீரியத்துக்குத் தேனை நாடவேண்டியிருக்கவில்லை. கெடாமல் வைக்க ஹாப் பூ வந்துவிட்டது. பவேரியாவில் 1516-ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப், நீர் மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கத் தடைவிதித்தது. தேனும் அந்தத் தடையில் அடிபட்டது.

தேன் மீண்டும் நுழைந்தது வீட்டுக் கொல்லை வழியாக. பிரிட்டனில் 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டுத் தயாரிப்புக்கான உரிமக் கட்டணத்தை நீக்கினார். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், ஆண்டுக்கு ஒருவருக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிப் பீர் தயாரிக்க விட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டு, மிசிசிப்பியும் அலபாமாவும் இணங்க 2013 ஆயிற்று. அதற்குள் வெள்ளை மாளிகையிலேயே பீர் தயாராகிவிட்டது. மிஷெல் ஒபாமாவின் காய்கறித் தோட்டத்தை ஒட்டி 2009-இல் வைத்த தேன்கூட்டிலிருந்து எடுத்த தேனைக் கொண்டு 2011-இல் சமையலறை ஊழியர்கள் ஏல் தயாரித்தார்கள். பொதுமக்கள் இணையவழி மனுப் போட்டுக் கேட்டதன் பேரில் 2012 செப்டம்பரில் இரண்டு செய்முறைகள் வெளியிடப்பட்டன.

அவற்றில் ஒன்றான பழுப்பு ஏலின் செய்முறை ஆராயத்தக்கது. 5 கேலனுக்கு, அதாவது 19 லிட்டருக்கு, ஒரு பவுண்டு தேன். மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு. அதையும் கொதி முடியும் தறுவாயில் இட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. இந்த அளவில், இந்த முறையில் மலர் மணம் கோப்பை வரை வந்து சேர்வது அரிது. வெள்ளை மாளிகைத் தேனீக்களின் பெயர் பீருக்குச் செய்ததைத் தேன் செய்திருக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தச் செய்முறை விவரமானது. அது கேட்கும் ஈஸ்ட் விண்ட்சர். மால்டோட்ரையோஸ் என்னும் மூவிணைச் சர்க்கரையை விண்ட்சர் தின்னாது. தேன் மெலியவைப்பதை அந்த மிச்சம் ஈடுகட்டும். உடன் கிரிஸ்டல் மால்ட்டும் பிஸ்கட் மால்ட்டும் உண்டு. குடிப்பவர் தேன் என்று நம்பும் சுவையில் பெரும்பங்கு இவற்றிலிருந்து வருவதே.

அளவு பற்றி அமெரிக்கத் தேசியத் தேன் வாரியத்தின் வழிகாட்டல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது: நொதிக்கும் சர்க்கரையில் தேனின் பங்கு 3 முதல் 10 சதவீதம் என்றால் மென்சுவை, 11 முதல் 30 வரை தெளிவாகத் தெரியும், 30-ஐத் தாண்டினால் தேனே ஆளும். மேலே கணக்கிட்ட 700 கிராம் பீரில் அது 21 சதவீதம். இந்த எல்லைகள் வெளிர் பீருக்குத்தான் பொருந்தும். ஸ்டவுட், போர்ட்டர் போன்ற வறுத்த மால்ட் பீரில் 20 சதவீதம் இட்டாலும் மெல்லிய தேன் காணாமல் போகும். அங்கே பக்வீட் தேன் போன்ற, வெல்லப்பாகு வாடையடிக்கும் கறுத்த தேன்தான் எதிர்நின்று பேசும். ஆரஞ்சுப் பூத் தேன், குளோவர் தேன் போன்றவற்றுக்குக் கோதுமை பீரும் வெளிர் ஏலும் ஏற்றவை. எந்தப் பூவின் தேன் என்று சொல்லமுடியாத, கடையில் வாங்கும் கலப்புத் தேனில் அளவைக் கூட்டுவதால் ஆல்கஹால்தான் கூடும். அரிசிப் பாகு கலந்த தேன் என்றால் சொல்லவே வேண்டாம். இந்தியச் சந்தைத் தேனில் அத்தகைய கலப்படம் பரவலாக இருப்பதை தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் அம்பலப்படுத்தியது. பீருக்குள் போகவேண்டியது மணம். அது பாட்டிலில் இல்லையென்றால் கோப்பைக்கு எங்கிருந்து வரும்?

எப்போது இடுவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. பழைய நூல்கள் கொதியின் தொடக்கத்திலேயே இடச் சொல்லும். தேனில் இயல்பாகவே காட்டு ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களின் வித்துகளும் இருக்கின்றன, அவற்றைக் கொல்லவேண்டும் என்பது அதற்கான காரணம். இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பலனும் இல்லை. அறுபது நிமிடக் கொதிக்குப் பின் விலையுயர்ந்த தேனுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். நல்ல தேனை இப்படிக் கொதிக்கவிடுவது வீண்செலவு என்பதில் இன்று பெரும்பாலோர் உடன்படுகிறார்கள்.

இரண்டாவது வழி, கொதி முடிந்து அடுப்பை அணைத்தபின் இடுவது. சாற்றின் வெப்பம் சற்று இறங்கி 80 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது தேன் போய்ச் சேர்ந்தால் கிருமிகள் அடங்கும், மணத்தில் ஒரு பகுதி நிற்கும். இந்த 80 டிகிரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேனீ தன் சுரப்பியிலிருந்து தேனில் சேர்க்கும் நொதிகளில் ஒன்று டயஸ்டேஸ். அது மாவுச்சத்தையும் டெக்ஸ்ட்ரினையும் உடைக்கும். சூடுபடாத தேனை அப்படியே பீரில் விட்டால் ஈஸ்ட் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரினை இது மெல்ல உடைத்து ஈஸ்டுக்கே ஊட்டும். பீர் இன்னும் மெலியும். சூடு அந்த நொதியை முடக்கிவிடும். தேன் கனமானது, நேராக அடியில் போய்த் தங்கும். ஆகவே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஊற்றினால் அடிப்பிடித்துக் கருகல் வாடை வந்துவிடும். அணைத்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும், விடாமல் கிளறவேண்டும்.

மூன்றாவது வழி, நொதிக்கும் கலனிலேயே இடுவது. நுரை பொங்கி எழுந்து தணியத் தொடங்கும் மூன்றாம் நான்காம் நாளில், தேனைச் சாற்றின் அடர்த்திக்கு நீர்த்து, 80 டிகிரியில் வைத்து ஆற்றிச் சேர்ப்பார்கள். அதற்குள் கரியமில வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிட்டிருக்கும். மணத்தை அடித்துப்போக அவ்வளவு வாயு பின்னர் வராது. இந்த நேரத்தேர்வுக்கு வேறொரு நன்மையும் இருக்கிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் எளிய இரை. தொடக்கத்திலேயே அவை நிறையக் கிடைத்தால் ஈஸ்ட் அவற்றில் மூழ்கி மால்டோஸைக் கையாளத் தயங்கும். முதலில் மால்டோஸைத் தின்னவைத்துவிட்டுப் பின்னர் தேனை நீட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. மூன்று வழிகளில் பொதுவாகச் சிறந்தது எது என்றால் இதுதான். வேலை சற்றுக் கூடுதல், தூய்மையில் கவனம் இரட்டிப்பு.

சூடாக்காத பச்சைத் தேனையே ஊற்றலாம் என்போரும் உண்டு. அவர்கள் சொல்வது ஒதுக்கத்தக்கதல்ல. நீர் குறைந்த, சர்க்கரை செறிந்த தேனில் கிருமிகள் உறங்கிக் கிடக்குமே தவிரப் பெருகாது. நொதித்து முடியும் தறுவாயிலுள்ள பீரில் ஆல்கஹால், ஹாப் கசப்பு, 4.5-க்குக் குறைந்த பி.எச். எல்லாம் சேர்ந்து அவற்றைத் தடுக்கும். நடைமுறையில் இப்படிச் செய்த பீர் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆயினும் டயஸ்டேஸ் சிக்கல் அப்படியே இருக்கிறது. அது ஒரு வாரத்தில் தெரியாமல் பாட்டிலில் அடைத்தபின் தெரியவரும்போதுதான் தொல்லை. பச்சைத் தேன் விட்ட பீரை ஒப்படர்த்தி அசையாமல் நிற்கும்வரை, வழக்கத்தைவிட நீண்ட நாள் கலனில் விட்டுவைப்பது பாதுகாப்பு.

நான்காவது, பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக இடும் சர்க்கரைக்குப் பதிலாகத் தேனை இடுவது. 20 லிட்டருக்குச் சர்க்கரை 120 கிராம் என்றால் தேன் 150 கிராம் அளவில் ஆகும். இதில் கிடைக்கும் மணம் பெயரளவுக்கே. லிட்டருக்கு ஏழெட்டு கிராம் தேன் என்ன மணத்தைத் தரும்? அத்துடன் தேனின் நீர்ச்சத்து ஒவ்வொரு தேனிலும் மாறும். இந்தியத் தேனீ, மலைத்தேனீ இவற்றின் தேனில் அது 20 சதவீதத்தையும் தாண்டும். அதனால் வாயு அழுத்தத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாது. சரியாகக் கரையாமல் சில பாட்டில்களில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் விழுந்தால் ஒன்று சப்பென்றிருக்கும், மற்றது வெடிக்கும். பாட்டில் வெடிப்பது வீட்டுத் தயாரிப்பின் உண்மையான ஆபத்து. கண்ணாடிச் சில்லு எந்த நொதிப்புப் பிழையையும்விடக் கொடியது.

உண்மையிலேயே இனிக்கும் தேன் பீர் வேண்டுமென்றால் ஈஸ்டைச் செயலற்றதாக்கிய பின்தான் தேன் விடவேண்டும். நொதித்து முடித்துத் தெளிந்த பீரில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் இட்டு, பிறகு தேன் கலப்பார்கள். சார்பேட் ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்குமேயன்றி நடந்துகொண்டிருக்கும் நொதிப்பை நிறுத்தாது என்பதை மறந்தவர்கள் கெடுத்துக்கொண்டது அதிகம். இப்படிச் செய்த பீர் பாட்டிலில் தானாக நுரை கட்டாது. கெக் எனப்படும் எஃகு உருளையும் வாயு உருளையும் இருந்தால்தான் இந்த வழி. சாதனம் இல்லாதவர்கள் நாடும் குறுக்கு வழி ஹனி மால்ட். கனடாவின் கேம்பிரினஸ் ஆலை தயாரிக்கும் இது, முளைவிடும் பருவத்தில் காற்றைக் குறைத்துப் பதப்படுத்திய பார்லி. அதில் தேன் துளியும் இல்லை. 20 லிட்டருக்கு 250 கிராம் இட்டால் தேனை நினைவூட்டும் இனிப்பு பீரில் நிற்கும். தேனை மணத்துக்கும் ஹனி மால்ட்டை இனிப்புக்கும் என்று இரண்டையும் கூட்டுவதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். குடிப்பவர் மனத்தில் தேன் என்பது இரண்டும் சேர்ந்ததுதான் என்பதால், இந்தச் சேர்க்கையைக் குறைசொல்ல இடமில்லை.

மற்ற பொருள்களும் தேனுக்கு இடம்விட்டு நிற்கவேண்டும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் வெப்பநிலை முக்கியம். 63, 64 டிகிரியில் நொதிக்கும் சர்க்கரை மிகும். 68, 69 டிகிரியில் டெக்ஸ்ட்ரின் மிகும். தேன் பீருக்கு உயர்ந்த வெப்பமே நல்லது. தேன் பறிப்பதை அது முன்கூட்டியே நிரப்பி வைக்கிறது. ஒரு பங்கு ஓட்ஸோ கோதுமையோ சேர்ப்பதும் அதே நோக்கத்தில்தான். ஹாப் குறைவாகப் போதும். கென்ட் கோல்டிங்ஸ், ஃபக்கிள், ஹாலர்டவ், ஸாட்ஸ் போன்ற அடக்கமான வகைகளே பொருத்தம். எலுமிச்சை, மாம்பழ வாசம் வீசும் புதிய அமெரிக்க ஹாப்களுக்கு முன் தேன் நிற்காது. இனிப்பு குறைந்த பீரில் கசப்பும் தூக்கலாகத் தெரியும்.

ஈஸ்டைப் பொறுத்தவரை முழுக்கத் தின்று தீர்க்கும் வகையைவிட மிச்சம் வைக்கும் ஆங்கில ஏல் வகைகள் மேல். 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் அமைதியாக நொதித்தால் மணம் தூய்மையாக இருக்கும். வெப்ப நாடுகளில் இந்தக் குளிர்ச்சியைத் தனிக் குளிர்பெட்டி இல்லாமல் எட்ட முடியாது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட் 35 டிகிரிக்கு மேலும் சுவை கெடாமல் வேலை செய்யும். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் போன்றோர் அதைப் பதிவுசெய்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தபின் வெப்ப நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு அது பெரிய துணையாயிற்று. ஆனால் அது தரும் ஆரஞ்சு வாசம் தேனோடு சேர்வது தேனைப் பொறுத்தது. ஆரஞ்சுப் பூத் தேனோடு இயைந்து போகும். கறுத்த தேனோடு பிணங்கும்.

தேனில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து மிகச் சொற்பம், 0.04 சதவீதம் அளவே. மால்ட் பெரும்பங்காக இருக்கும் வரை இது கவலைக்குரியதல்ல; மால்ட் சாறே அந்தக் குறையை நிரப்பும். தேனின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிப் பிராகட்டை நெருங்கும்போது ஈஸ்ட் பட்டினியாகும். நொதிப்பு இழுபடும், கந்தக வாடை எழும். டைஅம்மோனியம் பாஸ்பேட் போன்ற ஊட்டத்தைப் பகுதி பகுதியாக இடுவது அப்போது கட்டாயம். தேன், ஊட்டப்பொடி எதுவானாலும் நொதித்துக்கொண்டிருக்கும் கலனில் மெதுவாகவே சேர்க்கவேண்டும். பீரில் கரைந்துள்ள வாயு ஒரேயடியாகப் பொங்கினால் தரையெல்லாம் நுரைதான்.

வீட்டில் தயாரித்த மது என்றதும் தமிழ்நாட்டில் எழும் முதல் அச்சம் விஷச் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து. பீர் வேறு வகை. அதில் வாலையிட்டு வடிக்கும் கட்டமே இல்லை. மெத்தனால் பழத்தோலின் பெக்டினிலிருந்து சிறிது பிறக்கும். பெக்டின் அற்ற தேனிலும் தானியத்திலும் அது பொருட்படுத்தத்தக்க அளவில் வராது. வெளியிலிருந்து மெத்தனால் கலக்கும் இடத்தில்தான் சாவு. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானவை. பீரின் அமிலத்தில் அவை முளைப்பதில்லை. கவனிக்கவேண்டியது இன்னொன்று: துருக்கியின் கருங்கடற்கரை, நேபாளம் போன்ற இடங்களில் ரோடோடெண்ட்ரான் மலரிலிருந்து வரும் மயக்கத் தேன். அதிலுள்ள கிரயனோடாக்சின் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சரித்துவிடும். கிறக்கத்துக்காக அதைத் தேடி வாங்கிப் பானத்தில் சேர்ப்பது விளையாட்டல்ல.

சட்டம் இடத்துக்கிடம் மாறும். இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். பீர், தேன்மது, கள் எதற்கும் வீட்டு உபயோகம் என்ற விலக்கு இல்லை. சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு வீடு ஒன்றுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம், விற்கக்கூடாது. பிரிட்டனிலும் தனக்கென்று தயாரிப்பதற்குத் தடையில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் கண்ட முறைகள் தமிழ் பேசும் ஒருவருக்கு எவ்வளவு பயன்படும் என்பது அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

போட்டிகளில் தேன் பீரை எங்கே வைப்பது என்பதும் ஒரு சிறு தகராறு. பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் வகைப்பாட்டில் பிராகட் மீட் வரிசையில் நிற்கிறது. தேன் சேர்த்த பீர் மாற்றுச் சர்க்கரை பீர்களோடு நிற்கிறது. பிராகட்டில் தேனும் மால்ட்டும் இரண்டுமே நாக்கில் தெரியவேண்டும், ஒன்று மற்றதை விழுங்கினால் மதிப்பெண் குறையும். இந்த விதி போட்டிக்கு வெளியிலும் பயனுள்ளது. செய்தவர் தேன் சேர்த்தது அவருக்கே தெரியும். குடிப்பவருக்கும் தெரிகிறதா என்பதைத் தேன் இட்டது, இடாதது இரண்டையும் அடையாளமின்றி ஊற்றிக் கொடுத்துத்தான் சோதிக்க முடியும். பெல்ஜியத்தின் லெஃபெவ்ர் ஆலை செய்யும் பார்பார் 8 சதவீத வீரியத்திலும் தேனைத் தெரியவைக்கிறது. விற்பனையிலுள்ள தேன் பீர்கள் பலவும் இலேசான இனிப்பைத் தாண்டி அந்தச் சோதனையில் தேறுமா என்பது ஐயமே.

அடைத்தபின் எத்தனை நாள் வைப்பது என்பது வீரியத்தைப் பொறுத்தது. 5 சதவீதத் தேன் பீர் பாட்டிலில் மூன்று நான்கு வாரத்தில் பக்குவமாகும், மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. தேனின் மணம் நாள்பட மங்குமே தவிரக் கூடாது. 9, 10 சதவீதப் பிராகட்டின் போக்கு இதற்கு நேர்மாறு. முதல் மாதங்களில் அது எரியும் சாராய நெடியோடு கரடுமுரடாக இருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஒதுக்கி வைத்தால் நெடி அடங்கி, தேன் உலர்பழச் சாயலோடு வெளிப்படும். இரண்டுக்கும் பழுப்புப் பாட்டிலே ஏற்றது. பச்சைப் பாட்டிலிலும் வெள்ளைப் பாட்டிலிலும் வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் சிதைந்து துர்வாடை கிளம்பும். பாட்டிலின் கழுத்தில் தங்கும் காற்றைக் குறைத்து நிரப்பி, வெயில் படாத, 15 டிகிரியைத் தாண்டாத இடத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். அடியில் படியும் ஈஸ்ட் வண்டலைக் கலக்காமல் ஊற்றவேண்டும்.